தீர்ப்புப் பள்ளம்

டயரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து காதில் விழுந்ததுதான். என்னுடையது கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை. பக்கத்தில் டயர்க்கடை. நடுவே ஒரு தகரத் தடுப்பு, அதுவும் ஆள் உயரத்துக்கு மேல் இல்லை. பதினோரு வருடமாக அந்த வீட்டுச் சண்டை, சமாதானம், தும்மல், கொட்டாவி எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் வாயெடுக்க வேண்டாம். காதுக்கு மூடி வைத்து யாரும் பிறக்கவில்லை.

அந்தக் கடையில் கை அவருடையது, மூளை அவளுடையது. டயர்க்காரர் ஜாக்கி வைப்பார், நட்டுக் கழற்றுவார், ரிம்மிலிருந்து டயரைப் பிடுங்குவார். எந்த வண்டிக்கு எந்த டயர் என்று சொல்வதும், சக்கரத்தை மெஷினில் சுழலவிட்டு, அது ஆடாமல் ஓடச் சின்ன எடை ஒட்டுவதும் அவர் மனைவி. அவளைப் பெரியவள் என்றே சொல்கிறேன். அவள் அம்மா அப்படித்தான் சொல்வாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதெல்லாம் இளைய மகளைத்தான்.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்களில் முதலாவது அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு அதன் பக்கம் உயரமாக இருக்கிறது என்பது. கடையில் அதை 'சைடு' என்பார்கள். மூன்றாவது, ரிம் எத்தனை இஞ்சு என்பது. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே மெத்தை அந்த சைடுதான். அது குட்டையாக இருந்தால் கார் வளைவில் சொன்ன பேச்சு கேட்கும், பார்க்கவும் மிடுக்கு. ஆனால் ரோட்டில் கிடக்கும் கல்லெல்லாம் உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கே நேராக வந்து சேரும். உயரமாக இருந்தால் முதுகுக்குச் சுகம், வளைவில் கார் தள்ளாடும். இதைப் பெரியவள் நூறு பேருக்காவது சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஓட்டைப் பல் மாதிரி ரோடு இருக்கிற பேட்டையிலிருந்து வந்து குட்டை சைடு கேட்ட ஒரு வாத்தியாரை, "உங்க ரோட்டுக்கு இது ஆகாது சார். வேணும்னா வேற கடை பாத்துக்கோங்க" என்று திருப்பியே அனுப்பியிருக்கிறாள்.

அவர்கள் வாசலில் ஒரு பள்ளம் உண்டு. குழாய் பதிக்கத் தோண்டி, அரைகுறையாக மூடிப் போனது. ஒரு தடவை தார் கொதிக்கும் வண்டியோடு ஆட்கள் வந்தபோது பெரியவள் நடுரோட்டில் போய் நின்றுகொண்டாள். "மத்ததெல்லாம் மூடுங்க. இதை மட்டும் விட்டுடுங்க" என்றாள். எல்லோருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பினாள். தன் வீட்டு வாசலில் பள்ளம் வேண்டும் என்று கெஞ்சியவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

டயர் மாற்றிய எந்தக் காரும் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறாமல் வெளியே போனதில்லை. டயர்க்காரர் ஓட்டுவார். பெரியவள் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இறங்கி வந்து, "பின்னாடி காத்து ரெண்டு பவுண்டு குறைங்க" என்பாள். அல்லது "இந்த டயர் இவருக்கு வேண்டாம்" என்பாள். அதன் பிறகு பேச்சில்லை. தீர்ப்புப் பள்ளம் என்று பெயர் வைத்தது நான்தான்.

அவர்கள் வீடு கடைக்கு மேலேயே. பதினான்கு படி. இரண்டு வருடத்துக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, முதுகெலும்பில் ஆணி வைத்து, பெரியவள் வீட்டு முன்னறைக் கட்டிலில் வந்து படுத்தாள். தூக்கிப் போடுகிற எதுவும் கூடாது என்றார் டாக்டர். காலையில் அம்மாவை எழுப்பி, பின்னால் நின்று முதுகில் தைலம் தேய்த்து, பின்னால் நின்றபடியே முதுகுப் பெல்ட்டை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் பெரியவள் கீழே இறங்குவாள். அந்த நேரத்தில் அம்மாவின் குரல் என் தையல் மெஷினையும் தாண்டிக் கேட்கும்.

"மாட்டுக்கா கட்டுற? மெதுவாடி! உன் கை கையா, இரும்பா? டயரை அமுக்கி அமுக்கி உனக்கு மனுஷ ஒடம்பே மறந்து போச்சு."

பெரியவள் பதில் பேச மாட்டாள். இறங்கி வரும்போது முகம் மட்டும் காற்றடைத்த மாதிரி உப்பியிருக்கும்.

சாயங்காலம் சின்னவளின் போன் வரும். மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். முகம் பார்த்துப் பேசும் போன். அதற்கு அரை மணிக்கு முன்பே அம்மா தலை வாரச் சொல்வாள். அந்த நேரத்தில் மட்டும் வலி அந்த அறைக்குள் எட்டிப் பார்க்காது. "எனக்கு என்ன குறைச்சல் கண்ணு? ராஜாத்தி மாதிரி இருக்கேன். நீ சாப்பிட்டியா? இளைச்சுட்டியே!" என்று குரலில் தேன் சொட்டும். தலை வாரிவிட்டவள் போன் திரையில் விழாமல் சுவரோரம் சீப்போடு நின்றிருப்பாள்.

பொறாமை என்பதை நான் பார்த்திருக்கிறேன், பட்டும் இருக்கிறேன். பெரியவளுக்கு இருந்தது பசி மாதிரி. வேளை தவறாமல் வரும்.

அந்த மழை மாதத்தில் ஒரு நாள் சின்னவள் போனில் சொன்னாள். தோட்டம் வைத்த தரைவீடு வாங்கியாகிவிட்டது. வேகமாகப் போகிற சிவப்புக் கார் ஒன்று வாங்கியாகிவிட்டது, ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்ததுதான். சனிக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிப் போகிறார்கள். இனிமேல் அம்மா அங்கேதான்.

பெரியவள் தகரத்தின் மேல் தலையை நீட்டினாள். கையில் ஈரத் துணி.

"அக்கா, கேட்டீங்களா? ரெண்டு வருஷம் பீ மூத்திரம் அள்ளினது நானு. இப்ப காரு வந்ததும் அம்மா வேணுமாம்."

"போகட்டுமே. உனக்கும் ஓய்வுதானே?"

"ஓய்வு யாரு கேட்டா? நான் கேட்டேனா? அம்மாவாவது ஒரு வார்த்தை, இவளை விட்டு எப்படிப் போறதுன்னு கேக்கணுமா இல்லையா? பெட்டியை எடுத்து வைடிங்குது. அந்தப் பச்சை சால்வையை மறக்காதங்குது."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் மேஜையில் இருந்ததைத் துணி போட்டு மூடியிருக்கலாம். சின்னவள் எனக்கும் போன் செய்து, கார் நிறத்துக்குப் பொருத்தமாகச் சிவப்பில் அம்மாவுக்கு ஒரு முதுகுத்திண்டு சொல்லியிருந்தாள். தைத்து முடித்து மேலேயே வைத்திருந்தேன். பெரியவள் கண் அதில் விழுந்தது. உள்ளே வந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"எத்தனை இஞ்சு பஞ்சு?"

"மூணு."

"நல்லா தைச்சிருக்கீங்க" என்றாள். அந்தக் குரலில் நூல் அறுந்திருந்தது. ரெண்டு வருடத்தில் அம்மாவுக்கு ஒரு திண்டு தைத்துக்கொடு என்று தான் கேட்கவில்லையே என்பது அவளுக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். பழைய சால்வையை மடித்து மடித்தே ஒப்பேற்றியிருக்கிறாள்.

சனிக்கிழமை விடாத தூறல். கார் வந்தது. தரையோடு தரையாக ஒட்டிய இரண்டு கதவுக் கார். குனிந்து ஏற வேண்டும், ஏறிவிட்டால் இறங்க ஆள் பிடிக்க வேண்டும். முதலில் இளைய மாப்பிள்ளை இறங்கினார். சாவியை விரலில் மாட்டிச் சுற்றாமல் அவருக்குப் பேச வராது. சின்னவள் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பளபளவென்று ஒரு ரிம்மைக் குழந்தை மாதிரி வைத்திருந்தாள். இன்னொன்று பின் சீட்டில், இரண்டு டிக்கியில்.

"அக்கா, இதை வாங்கிக்கோயேன். தொடை மரத்துப் போச்சு" என்று சிரித்தாள். அவள் சிரித்தால் யாருக்கும் கோபம் நிற்காது. அதுதான் பெரியவளுக்குப் பெரிய கோபம்.

"அண்ணி, டயர் நாலும் வெடிப்பு விட்டிருக்கு. பழைய ஆளு ஓட்டாமலே நிறுத்தி வெச்சிருந்திருக்கான்" என்றார் இளைய மாப்பிள்ளை. "மாத்திட்டுத்தான் அத்தையை ஏத்தணும். உங்க கைராசியில போட்டுக் கொடுங்க."

பெரியவள் குனிந்து படித்தாள். "இருநூத்தி இருபத்தஞ்சு, நாப்பத்தஞ்சு, பதினேழு. வண்டியோட வந்த அளவு. இதே அளவு புதுசு நம்மகிட்ட இருக்கு."

"ஐயோ, நாப்பத்தஞ்சு எதுக்கு? அது மாமாக்கள் ஓட்டுற காருக்கு. இந்த ரிம்மைப் பாருங்க. பத்தொன்பது இஞ்சு. நண்பர் ஒருத்தர் கொடுத்தாரு. இதுக்கு முப்பத்தஞ்சு போட்டா, சக்கரம் அப்படியே மட்கார்டு வளைவை நிறைச்சுக்கிட்டு நிக்கும். ரப்பரே கண்ணுக்குத் தெரியக் கூடாது."

டயர்க்காரர் அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். தன் நான்கு விரலைச் சேர்த்து ரிம்மின் ஓரத்தில் வைத்துக் காட்டினார். "தம்பி, முப்பத்தஞ்சுன்னா சைடு இவ்வளவுதான். நாலு விரல். நாப்பத்தஞ்சுல அஞ்சரை விரல் இருக்கும். வண்டியில அத்தை வரப் போறாங்க. அவங்க முதுகுல ஆணி இருக்கு."

"அண்ணே, சீட்டு என்ன சீட்டு தெரியுமா? உள்ள உட்காந்தா தொட்டில். அதுக்கு மேல திண்டு வேற சொல்லியிருக்கோம். நான் மெதுவாத்தான் போவேன்."

"சீட்டு வேற, டயரு வேற. நீ என்ன சொல்ற?" என்று டயர்க்காரர் மனைவியைப் பார்த்தார். இந்த இடத்தில் அவள் வழக்கமாகச் சொல்வது எனக்கு மனப்பாடம். ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"அவர் ஆசைப்படுறாரு. ஆசைப்பட்டதையே போட்டுக் கொடுங்க" என்றாள் பெரியவள். "ஒருத்தர் வரவழைச்சுட்டு வாங்காம விட்ட முப்பத்தஞ்சு செட்டு ஒண்ணு மேல ரேக்குல கெடக்கு. அளவு சரியா இருக்கும்."

"சூப்பர் அண்ணி!" சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.

டயர்க்காரர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் ரேக்குப் பக்கம் போய்விட்டாள்.

சின்னவளும் அவள் கணவரும் மேலே போனார்கள். மேலேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "வா கண்ணு, வா! மழையில நனைஞ்சியா? பெரியவளே! இவளுக்குத் துண்டு எடுத்துக் கொடு. முட்டை ரெண்டா உடைச்சு ஊத்து. ரொட்டி கருக வேண்டாம், அவளுக்குக் கருகினா பிடிக்காது." பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். கருகாமல் சுட்டுக் கொடுத்துவிட்டு இறங்கினாள். தான் சாப்பிடவில்லை. எனக்கு ஒரு துண்டு ரொட்டி கொண்டு வந்தாள். அது கருகியிருந்தது.

கீழே வேலை ஆரம்பித்தது. புது டயரின் உள்விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, மெஷினில் ரிம்மை வைத்து, டயர்க்காரர் கம்பியால் நெம்பினார். குட்டை சைடு டயர் லேசில் வளைந்து கொடுக்காது. தோள் நரம்பு புடைக்க மூன்று தடவை வழுக்கி, நாலாம் தடவை உள்ளே போனது. காற்று ஏறி விளிம்பு உட்காரும்போது டப்பென்று ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் பெரியவளின் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். பதினோரு வருடமாக அந்தச் சத்தத்தில் கண்கூட இமைக்காதவள் அவள்.

மெஷினில் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது நான் தகரத்தின் மேல் எட்டிப் பார்த்தேன்.

"ஏண்டி, அந்த வாத்தியாரைத் திருப்பி அனுப்பின வாயா இது?"

அவள் மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்கா, நம்ம தெரு தாண்டறதுக்குள்ள அம்மா கத்தும் பாருங்க. என்னால முடியாதுடி, என்னை இறக்கி விடுங்கடின்னு கத்தும். பெரியவ வீட்டுக்கே போறேங்கும். இந்த ஒரு பள்ளம் போதும்."

"வலிக்குமேடி."

"ஒரே ஒரு தடவைதானே. தைலம் போட்டா சரியாப் போயிடும். நான் போட்டு விடமாட்டேனா?" இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஆசை இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் அவளைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. என் கூடப்பிறந்தவள் ஒருத்தி இருந்தாள், அவளுக்கும் இப்படித்தான் எல்லோரும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தார்கள். ஆகவே ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

நாலு சக்கரமும் மாட்டியாயிற்று. கார் நிஜமாகவே அழகாக இருந்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. டயர்க்காரர் சாவியை எடுத்தார், வழக்கம்போல அவளுக்காகக் கதவைத் திறந்தார்.

"வேண்டாம். நேரமாச்சு, அவங்க கிளம்பட்டும்" என்றாள்.

"பள்ளத்துல இறக்க வேண்டாமா?"

"நான்தான் வேண்டாங்கறேனே."

அவர் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார், "நீ என்ன நெனைக்கிறேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத." அவள் கையுறையைக் கழற்றி மேஜையில் எறிந்தாள்.

அம்மாவை நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். முன்னால் இளைய மாப்பிள்ளை, பின்னால் டயர்க்காரர், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி பெரியவள். பதினான்கு படியும் அம்மா அவளைத்தான் திட்டினாள். "சாய்க்காதடி! இந்தப் பக்கம் தூக்கு! மூச்சு என் கழுத்துல படுது, தள்ளி நில்லு!" தெருவைப் பார்த்து ஆறு மாதமிருக்கும். தூறலில் முகத்தைத் தூக்கிக் காட்டினாள். காரைப் பார்த்ததும் குழந்தை மாதிரி கையைத் தட்டினாள்.

"இதுவா மாப்ள? என்னா செவப்பு! நம்ம குடும்பத்துல இப்படி ஒரு வண்டி யாரு வெச்சிருந்தா?"

பெரியவள் அவளைக் குனியவைத்து, இடுப்பைப் பிடித்து, முன் சீட்டில் உட்காரவைத்து, சிவப்புத் திண்டை முதுகுக்குக் கொடுத்தாள். சின்னவள் பின்னால் நுழைந்துகொண்டாள். அம்மா ஜன்னலை இறக்கச் சொன்னாள். பெரியவளிடம் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். பெரியவளும் நினைத்தாள். கிட்டே போய்க் குனிந்தாள்.

"சால்வை வெச்சியா?" என்றாள் அம்மா.

"வெச்சிருக்கேன்."

கார் நகர்ந்தது. இளைய மாப்பிள்ளை நிஜமாகவே மெதுவாகத்தான் ஓட்டினார். பெரியவள் ஜன்னலோரமாகவே கூட நடந்தாள். முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. டக் என்று கல்லில் கல் மோதின சத்தம். ரப்பர் நடுவில் இருப்பதாகவே தெரியவில்லை. நான் வாசலில் நின்றிருந்தேன், என் பல்லில் கேட்டது. பின் சக்கரமும் இறங்கியது. இன்னொரு டக்.

அம்மா கத்தவில்லை.

"அத்தை, ஒண்ணும் தூக்கிப் போடலையே?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"பஞ்சு மாதிரி இருக்கு மாப்ள" என்றாள் அம்மா. "நான் தூங்கியே போயிடுவேன் போல." சிரித்தாள். திரும்பிப் பின் சீட்டுக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்தாள்.

பெரியவள் நின்றுவிட்டாள். எங்கள் யார் கண்ணுக்கும் படாத ஒன்று அவள் கண்ணுக்குப் பட்டிருந்தது. வலி பொறுக்க முடியாமல் போனால் அம்மா கட்டைவிரலை மற்ற நாலு விரலுக்குள் மடக்கி இறுக்கிக்கொள்வாளாம். இரண்டு வருடம் புரட்டிப் போட்டவளுக்குத்தான் அது தெரியும். ஜன்னலில் வைத்திருந்த கை அப்படி இறுகியிருந்தது. முகம் சிரித்துக்கொண்டே இருந்தது.

இந்த வீட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் விழுந்தால் ஊரைக் கூட்டுகிறவள், அந்த மகளுக்காக மூன்று மணி நேரமும் இப்படிச் சிரித்துக்கொண்டே போவாள். கத்தவே மாட்டாள். திரும்பியும் வர மாட்டாள். பெரியவள் போட்ட கணக்கில் இது இல்லவே இல்லை.

"நிறுத்துங்க!" என்று அவள் கத்தினாள். மழைச் சேற்றில் செருப்பு ஒன்று கழன்றது, அதை விட்டுவிட்டு ஓடினாள். தெருமுனைக்கு முன்னால் காரின் மூக்குக்கு நேராகப் போய், தார் வண்டிக்கு முன்னால் நின்ற மாதிரியே நின்றாள்.

"என்னக்கா?" என்று சின்னவள் தலையை நீட்டினாள்.

"திருப்பு வண்டியை. டயரை மாத்தணும்."

"இப்பதானே அண்ணி மாத்தினீங்க?" சாவி இல்லாததால் அவர் விரல் காற்றில் சுற்றியது.

"தப்பா மாத்திட்டேன். பழைய ரிம்மு, நாப்பத்தஞ்சு. திருப்புங்க."

"வண்டி எவ்வளவு அழகா இருக்கு! அம்மாவே நல்லா இருக்குன்னு சொல்லுது" என்றாள் சின்னவள். அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "அக்கா, உனக்கு எங்க காரைப் பாத்தா வயித்தெரிச்சல். நான் வந்ததுலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பொறாமைதானே?"

"ஆமாடி. பொறாமைதான்" என்றாள் பெரியவள். தெருவில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். "பொறாமையிலதான் அந்த டயரைப் போட்டேன். இப்பக் கழட்டுறேன். திருப்பு."

கார் திரும்பியது, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு.

அம்மாவை என் கடையில், சாய்வு சீட்டு ஒன்று தைக்க வந்திருந்தது, அதில் உட்காரவைத்தோம். "இவளுக்கு எப்பவும் அரைகுறை வேலைதான். ஒழுங்கா ஒரு வேலை தெரியாது" என்று அம்மா என்னிடம் புலம்பினாள். நான் கொடுத்த தேநீரில் சர்க்கரை போதாது என்றாள். அவள் கட்டைவிரல் இன்னும் உள்ளேயே இருந்தது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

டயர்க்காரர் மறுபடி ஜாக்கி வைத்தார். முணுமுணுக்கக்கூட இல்லை. "கழட்டினதுதான் கழட்டினோம். பதினாறு ரிம்முல அம்பத்தஞ்சு போட்டுடலாமா? இன்னும் ஒரு விரல் மெத்தை கிடைக்கும்" என்று கேட்டார்.

"முன் பிரேக்குல இடிக்கும், வெச்சுப் பாருங்க." அவர் வைத்துப் பார்த்தார், இடித்தது. "இடிக்காட்டியும் வேண்டாம். இந்த வண்டி அதுக்குன்னு செஞ்சதில்ல. வளைவுல அலையும். அலைஞ்சா அதுவும் அம்மா முதுகுக்குத்தான். நாப்பத்தஞ்சுதான் இதுக்குச் சரி. அதுக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம்."

பழைய ரிம்மிலிருந்து வெடித்த டயரைப் பிடுங்கி, கம்பி பிரஷ்ஷால் விளிம்பைத் தேய்த்து, புதியதை ஏற்றினார்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் அவள் மூன்று தடவை சுழலவிட்டாள். ஒரு சின்ன எடையை ஒட்டி, எடுத்து, அரை விரல் தள்ளி ஒட்டினாள். பிறகு பள்ளம். டயர்க்காரர் ஓட்ட, அவள் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தாள். எல்லோருக்கும் ஒரு தடவை என்றால் இந்தக் காருக்கு ஐந்து தடவை. இறங்குவாள், அரை பவுண்டு குறைப்பாள், மறுபடி ஏறுவாள். நாலாவது தடவை சிவப்புத் திண்டை எடுத்துத் தன் முதுகுக்கு வைத்துக்கொண்டாள். ஐந்தாவது தடவை இறங்கி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அவளே தூக்கி உட்காரவைத்தாள். கார் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பொத்தென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அம்மாவின் கை ஜன்னலில் விரிந்து கிடந்தது, ஐந்து விரலும் வெளியே தெரிந்தன. பெரியவள் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், தெருமுனை திரும்புகிற வரைக்கும்.

அம்மா சுகமாகப் போய்ச் சேர வழி செய்தவள் அவள்தான். அன்று மாலை அவள் தகரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதபோது, அழு என்றுதான் சொன்னேன். நல்ல காரியம் செய்தாய், மனசு லேசாகும் என்றெல்லாம் சொல்லவில்லை. அவளுக்கு மனசு லேசாகவில்லை, எரிந்தது. "நாலு டயரும் நான் போட்டது. அந்த நாலு டயருதான் அம்மாவைக் கொண்டு போயிருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் மதியம் போன் வந்தது. பெரியவள் கை முழுக்க சோப்புத் தண்ணீர். டயர்க்காரர் பொத்தானை அழுத்தி, சத்தமாக வைத்து, மேஜையில் வைத்தார். அதனால்தான் எனக்கும் கேட்டது.

"வந்து சேந்துட்டேன்டி" என்றாள் அம்மா. "வலியே இல்ல. மாப்ள எப்படி ஓட்டினாரு தெரியுமா? பூவைக் கொண்டு போற மாதிரி. காருன்னா அது காரு."

பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"சந்தோஷம்மா" என்றாள்.

"இங்க எல்லாம் வசதிதான். தோட்டம் தெரியுது. ஆனா இவளுக்குப் பெல்ட்டு கட்டத் தெரியல. முன்னாடி நின்னுக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கட்டுறா. லூசா நிக்குது."

"பின்னாடி நின்னு கட்டணும்னு சொல்லேன்."

"சொன்னா வாடிப் போயிடுவா, பாவம்."

பெரியவளின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததைப் பார்த்தேன். கெட்ட சந்தோஷம்தான், ஆனாலும் அவளுக்கு வேண்டியிருந்தது. அது அடங்குவதற்குள் குரல் மாறிக் கேட்டாள். "ஏம்மா, மொதல் டயருல பள்ளத்துல இறங்கினப்ப உனக்கு வலிச்சுது. எனக்குத் தெரியும். ஏன் கத்தல?"

போனில் கட்டில் முனகுகிற சத்தம் கேட்டது.

"உசிரு போய் வந்துச்சுடி" என்றாள் அம்மா, மெதுவாக. பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும். "எப்படிக் கத்துறது? ஆசையா கார் வாங்கிட்டு வந்திருக்கா. அவ மூஞ்சி வாடினா என்னால பாக்க முடியாது."

பெரியவள் சோப்புக் கையாலேயே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா தினம் என்கிட்ட கத்துனியேம்மா. என் மூஞ்சி வாடலையா?"

"உன் மூஞ்சியை நான் எங்கடி பாத்தேன்?" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னாள். "நீதான் எப்பவும் என் முதுகுப் பக்கமே நின்னுட்டிருந்தியே."

வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் டயர் மாற்றி முடித்து நின்றிருந்தது. அதன் சொந்தக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பெரியவள் போனை வைத்தாள், கையைத் துடைக்காமலே போய் முன் சீட்டில் உட்கார்ந்தாள். டயர்க்காரர் வண்டியைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றி நிறுத்தினார்.

"எப்படி?" என்று கேட்டார்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைக்குக் கீழே வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"தெரியல" என்றாள். "இன்னொரு தடவை இறக்குங்க."